காசநோய்: ஆறு மாத மருந்தை அரைவழியில் விடாதீர்கள்

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



காசநோய் பற்றி நீங்கள் கேட்காத கூட்டமில்லை. கசம் என்றும், சயரோகம் என்றும், டீ.பி. என்றும் பல பெயரில் கேட்டிருப்பீர்கள். ஆகவே நோயைப் பற்றிச் சுருக்கமாகவும், அதற்குக் கொடுக்கும் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவும் சொல்ல விரும்புகிறோம். ஏனென்றால் இந்த நோயில் மருந்து கிடைப்பது இப்போது பெரிய பிரச்சினை அல்ல. அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் இலவசமாகவே தருகிறார்கள். தொடங்கிய மருந்தை முடிப்பதுதான் பிரச்சினை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் தோட்டங்களில் கிளிநொச்சியில் சொந்தம் இல்லாத லயம் குறைவு. 1958, 1977, 1983 கலவரங்களிலும், எழுபதுகளின் பஞ்சத்திலும் மலையை விட்டு இறங்கிய நம் குடும்பங்கள் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறின. மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம், தொண்டமான் நகர், ஜெயபுரம் என்ற பெயர்கள் நம் வீடுகளில் அடிக்கடி அடிபடும் பெயர்கள்தானே? அங்கே கலியாணம் என்றால் இங்கிருந்து போகிறோம். இங்கே திருவிழா என்றால் அங்கிருந்து வருகிறார்கள். அரிவு வெட்டுக் காலத்தில் கூலிக்கும் போய் வருகிறோம். இப்படிப் போய் வரும் குடும்பத்தில் ஒருவர் காசநோய் மருந்து குடிப்பவராக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இன்றைக்குப் பேச வேண்டும்.

நோய் என்ன?

காசநோய் ஒரு கிருமியால் வருவது. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி ரொபர்ட் கொக் என்ற ஜேர்மன் வைத்தியர் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதனால்தான் அந்தத் திகதி உலக காசநோய் தினம். இது பரம்பரை நோயல்ல, செய்வினையுமல்ல, முன்வினைப் பயனுமல்ல. சுவாசப்பையில் நோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. அந்தக் காற்றை நெடுநேரம் சுவாசிப்பவருக்குத் தொற்றலாம். சாப்பிட்ட கோப்பையாலோ, உடுத்த துணியாலோ, கை கொடுப்பதாலோ தொற்றாது. குளிருக்குப் பயந்து சன்னலைச் சாத்தி, ஒரே காம்பிராவில் ஆறேழு பேர் படுக்கும் வீட்டில் தொற்ற வாய்ப்பு அதிகம்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, சளியில் இரத்தம். இவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். கடையில் இருமல் பாணி வாங்கிக் குடித்து நாளைக் கடத்தக் கூடாது. நம் நாட்டில் சாதாரண வருடமொன்றில் 8,000 பேருக்கு மேல் காசநோயாளராகப் பதியப்படுகிறார்கள். ஆகவே இது யாருக்கும் வரக்கூடியது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு மருந்து போதாதா?

"எதுக்குங்க இத்தனை மாத்திரை? ஒரு ஊசி போட்டா ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். உலகத்து வைத்தியர்களும் முதலில் அப்படித்தான் நம்பினார்கள்.

1943இல் அமெரிக்காவில் வக்ஸ்மன் என்பவரின் ஆய்வுகூடத்தில், அல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தை எடுத்தார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் முதல் அன்டிபயோட்டிக் அதுதான். பிரித்தானியாவில் 107 நோயாளர்களை இரண்டு பகுதியாகப் பிரித்து அதைச் சோதித்தார்கள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. மற்ற 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேரும், போடாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். மருந்து வென்றுவிட்டது என்றே 1948இல் பலரும் எண்ணினார்கள்.

ஆனால் ஐந்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது, ஊசி போட்ட 55 பேரில் 32 பேர் இறந்திருந்தார்கள். போடாத 52 பேரில் 35 பேர். பெரிய வித்தியாசமே இல்லை! என்ன நடந்தது? ஒரே ஒரு மருந்தைக் கொடுத்ததால், அந்த மருந்துக்குச் சாகாத கிருமிகள் மட்டும் மிஞ்சிப் பெருகிவிட்டன.

இதை விளங்கிக்கொள்ள நாம் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டியதில்லை. மலையில் இலுக்குப் புல்லை நினைத்துப் பாருங்கள். மேலால் வெட்டி விட்டால் மலை சுத்தமாகத்தான் தெரியும். அடியில் கிழங்கு கிடக்கும். ஒரு மழை பெய்தால் போதும், முன்னையைவிட மோசமாக எழும்பும். காசநோய்க் கிருமியும் அப்படித்தான். நோய் முற்றிய சுவாசப்பையில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் பத்து இலட்சத்தில் ஒன்று போல, ஏதாவதொரு மருந்துக்கு அசையாத கிருமி இயற்கையாகவே கலந்திருக்கும். ஒரு மருந்துக்குத் தப்பியதை இன்னொரு மருந்து கொல்ல வேண்டும். அதனால்தான் பல மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

நான்கு மருந்தும் ஆறு மாதமும்

இப்போது கொடுக்கப்படும் நான்கு மருந்துகளின் பெயர்: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல். நான்கையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்தே தருகிறார்கள். எத்தனை மாத்திரை என்பது உடல் நிறையைப் பொறுத்தது. பெரியவர்களில் 40 முதல் 54 கிலோ உள்ளவருக்குப் பொதுவாக மூன்று, 55 கிலோவுக்கு மேல் நான்கு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் நாலு குடிக்கிறார், எனக்கு மூன்றுதான் தந்தார்கள் என்று மனம் குழம்ப வேண்டாம்.

ஐசோனியாசிட் வேகமாகப் பெருகும் கிருமியை முதல் சில நாட்களிலேயே கொன்று குவிக்கிறது. ரிஃபாம்பிசினும் பைரசினமைட்டும் ஒளிந்து உறங்கும் கிருமியைத் தேடிக் கொல்கின்றன. எதம்பியூட்டோல் மற்ற மருந்துக்கு அடங்காத கிருமி தலைதூக்காமல் காவல் காக்கிறது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்தும், அடுத்த நான்கு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டும். மொத்தம் ஆறு மாதம். சில வகை நோய்க்கு இன்னும் கூடுதலாகும். அதை வைத்தியர் சொல்வார். ஆறு மாதமா என்று மலைக்காதீர்கள். முன்பெல்லாம் ஒன்றரை வருடம் வரை குடிக்க வேண்டியிருந்தது. 1970களில் கிழக்கு ஆபிரிக்காவில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் இந்தக் காலம் ஆறு மாதமாகக் குறைந்தது.

இங்கேதான் கவனம் தேவை. மருந்து தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் காய்ச்சல் விடும். பசி எடுக்கும். இரண்டாம் மாதத்தில் இருமலும் நிற்கும், முகத்தில் தெளிவும் வரும். அப்போது மனசு என்ன சொல்லும்? "அதான் நல்லாயிருச்சே. கிளினிக்குப் போனா ஒரு பேர் போகுது. இன்னும் எதுக்கு மாத்திரை?" இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். இருமல் நின்றது மேலால் புல் வெட்டியது மாதிரி. கிழங்கு இன்னும் உள்ளே கிடக்கிறது. மிச்சமுள்ள நான்கு மாதம் அந்தக் கிழங்கைத் தோண்டுவதற்கு.

அரைவழியில் விட்டால் நோய் திரும்பி வரலாம். வரும்போது ஐசோனியாசிட்டுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் அடங்காத கிருமியோடு வரலாம். அந்த நோய்க்கு வேறு மருந்து வேண்டும். அது கடினமான மருந்து, வைத்தியமும் சிக்கலானது. அந்தக் கிருமி வீட்டிலுள்ள பிள்ளைக்குத் தொற்றினால், ஒரு மாத்திரையும் தவறவிடாத அந்தப் பிள்ளைக்கும் சாதாரண மருந்து வேலை செய்யாது. நம் நாட்டில் அப்படிப்பட்ட நோயாளர் இன்னும் குறைவுதான். அதைக் குறைவாகவே வைத்திருப்பது நம் எல்லாருடைய கையிலும் இருக்கிறது.

சென்னையில் கண்ட உண்மை

"ஏழைக்கு எங்கே குணமாகும்? பாலும் முட்டையும் தின்று ஓய்வெடுப்பவனுக்குத்தான் இந்த நோய் சுகமாகும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அதற்குப் பதில், நம் பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலேயே கிடைத்தது.

1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகியன சேர்ந்து அதைத் தொடங்கின. சென்னையின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த நோயாளர்களில் ஒரு பகுதியினரை சானட்டோரியத்தில் சேர்த்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தார்கள். மற்றப் பகுதியினரை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். அங்கே சாப்பாடு குறைவு, இடம் குறைவு, ஓய்வும் குறைவு. ஆனால் இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்.

முடிவு 1959இல் வெளியானது. சானட்டோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதத்தினருக்கு! பின்னர் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் வைத்தியம் பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. தொற்று பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்பது தெளிவானது. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் காசநோயாளரை வீட்டில் வைத்தே குணப்படுத்தும் முறை பரவியது.

நல்ல சாப்பாடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முட்டை, பருப்பு, கீரை, நெத்தலி என்று முடிந்ததைக் கொடுங்கள், உடம்பு தேறும். ஆனால் கையில் காசில்லை என்பதற்காகக் குணமாகாது என்று மனம் உடைய வேண்டாம். சென்னையின் ஏழைகளைக் குணப்படுத்தியது மருந்துதான். அவர்களும் நம்மைப் போல அன்றாடம் உழைத்துச் சாப்பிட்டவர்கள்தான். காசநோயாளருக்குச் சமூக சேவைகள் திணைக்களத்தின் ஊடாக உதவிப் பணம் கொடுக்கும் வழக்கமும் நம் நாட்டில் இருந்து வந்திருக்கிறது. கிளினிக்கிலும் பிரதேச செயலகத்திலும் விசாரித்துப் பாருங்கள்.

கிளிநொச்சி சொல்லும் பாடம்

வீட்டிலேயே மருந்து குடித்துக் குணமாகலாம் என்பதைச் சென்னை காட்டியது. வீடே இல்லாமல் போனால் என்ன ஆகும்? அதை நம் சொந்தங்கள் கிளிநொச்சியில் அனுபவித்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2008 ஓகஸ்ட் தொடக்கத்தில் கிளிநொச்சியில் ஒருவருக்கு மருந்து தொடங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். 2009 பெப்ரவரி தொடக்கத்தில் முடிய வேண்டும். அந்த ஆறு மாதத்தில் நடந்தது என்ன? செப்டெம்பரில் பெரும்பாலான சர்வதேச நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறின. வருடக் கடைசியில் சனம் கிழக்கே நகர, கிளிநொச்சி ஆஸ்பத்திரியும் தர்மபுரத்துக்கு நகர்ந்தது. ஜனவரி 2ஆம் திகதி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. பிறகு விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. பெப்ரவரி முதல் கிழமையில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியும் காலியானது. அடுத்து மாத்தளன், முள்ளிவாய்க்கால் பள்ளிக்கூடக் கட்டடங்களில் ஆஸ்பத்திரி நடந்தது. ஒரு நோயாளி தன் ஆறு மாத மருந்தை முடிப்பதற்குள் ஆஸ்பத்திரியே இத்தனை தடவை இடம்பெயர்ந்தது.

மே மாதம் யுத்தம் முடிந்தபோது இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் முகாம்களில் இருந்தார்கள். பெரும்பாலோர் வவுனியா செட்டிகுளத்தில், மனிக் பாம் என்ற முகாமில். கூடாரத்தில் நெருக்கமாக இருக்கும் இடத்தில் காசநோய் எவ்வளவு ஆபத்து என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் வந்து, "எனக்குக் கசத்துக்கு மருந்து தந்தவை, இடையில விட்டுப்போச்சு" என்றால் வைத்தியர் என்ன செய்வார்? சிகிச்சை அட்டை கையில் இருந்தால், எந்தத் திகதி தொடங்கியது, எத்தனை மாதம் குடித்தது, சளியில் என்ன கண்டது என்று பார்த்து அடுத்த அடி வைக்கலாம். அட்டை இல்லையென்றால் முதலிலிருந்து தேட வேண்டும்.

அந்த மக்கள் மருந்தை விட்டது தங்கள் விருப்பத்தால் அல்ல. பாதை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, உயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. இன்றைக்கு ஏ-9 வீதி திறந்திருக்கிறது. பஸ் ஓடுகிறது. மார்பு நோய் கிளினிக் இங்கே நம் மாவட்டங்களிலும் உண்டு, கிளிநொச்சியிலும் உண்டு. இரண்டு இடத்திலும் கொடுப்பது அதே மருந்துதான். அவர்களுக்குக் கிடைக்காத வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டாமா?

ஆகவே பயணம் போகிறவர்கள் இவற்றைச் செய்யுங்கள்:

1. மருந்துக் காலத்தில் ஊர் போவதென்றால் போவதற்கு முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள். சில நாட்கள் என்றால் அதற்கு வேண்டிய மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

2. மாதக்கணக்கில் தங்குவதென்றால் மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு போய் அந்த ஊர் கிளினிக்கில் பதியுங்கள். அவர்கள் மருந்தைத் தொடருவார்கள்.

3. சிகிச்சை அட்டையை அடையாள அட்டையோடு வையுங்கள். பெட்டியின் அடியில் போடாதீர்கள்.

4. அங்கிருந்து வரும் சொந்தக்காரர் மருந்து குடிப்பவராக இருந்தால், "மாத்திரை கொண்டு வந்தீங்களா?" என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல.

5. ஏதோ காரணத்தால் சில நாள் விட்டுப்போனால், ஏசுவார்கள் என்று பயந்து ஒளியாதீர்கள். உடனே போய் உண்மையைச் சொல்லுங்கள். விட்ட மாத்திரையைச் சேர்த்து ஒரே நாளில் விழுங்கவும் கூடாது.

மருந்து குடிக்கும்போது என்னென்ன வரும்?

தெரியாததால் பயந்து மருந்தை நிறுத்துபவர்களும் உண்டு. ரிஃபாம்பிசின் குடித்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது இரத்தமல்ல, மருந்தின் நிறம். கை கால் விறைத்தால் பி-6 விட்டமின் மாத்திரை தருவார்கள். மூட்டு நோவும் சிலருக்கு வரும். சொன்னால் மருந்து உண்டு.

ஆனால் கண், தோல் மஞ்சளாவது, விடாத வாந்தி, கண் பார்வை மங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு என்றால் காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். ஈரலை மருந்து பாதிக்கக்கூடும் என்பதால் இந்த ஆறு மாதமும் சாராயம், கசிப்பு வேண்டவே வேண்டாம். சம்பள நாளிலும் வேண்டாம். சீனி வியாதி உள்ளவர்கள் அதையும் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும்.

மீன் விஷயம் ஒன்று. ஐசோனியாசிட் குடிப்பவர்கள் பலயா, கெலவல்லா போன்ற சூரை வகை மீன் சாப்பிட்டால் சிலருக்கு முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடக்கும். இதை நம் நாட்டிலேயே வெலிசறை மார்பு நோய் ஆஸ்பத்திரியின் வைத்திய நிபுணர் சி. ஜீ. உரகொட 1970களில் ஆராய்ந்து எழுதினார். ஆகவே மருந்து முடியும்வரை அந்த மீனை விட்டு வேறு மீனைச் சாப்பிடுங்கள்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். மாத்திரை பாவிப்பவர்கள் மருத்துவிச்சியிடம் சொல்லி வேறு முறைக்கு மாறுங்கள். கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்தாலும் காசநோய் மருந்தை நிறுத்தக் கூடாது. வைத்தியருக்குத் தெரிவித்தால் போதும்.

வீட்டாரும் அயலாரும்

சரியான மருந்து ஒழுங்காகத் தொடங்கினால், பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று கிழமையில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே நோயாளரை லயத்துக் கோடியில் தள்ளி வைப்பதும், தனிக் கோப்பை கொடுப்பதும், அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்பதும் அறியாமை. அப்படி ஒதுக்கினால் நோயாளர் வெளியே சொல்லாமல் ஒளிப்பார். ஒளித்தால் மருந்து தாமதமாகும். தாமதமானால் தொற்றுவது நம் பிள்ளைகளுக்குத்தான்.

செய்ய வேண்டியது வேறு. பகலில் கதவு, சன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடப் பழக்குங்கள். வீட்டிலுள்ள எல்லாரையும் கிளினிக்கில் காட்டுங்கள். முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் காட்டுங்கள்; நோய் இல்லாவிட்டாலும் வராமல் தடுக்க மாத்திரை தருவார்கள். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி குழந்தைக்கு வரும் கடுமையான காசநோயிலிருந்து காப்பாற்றும். ஆனால் பெரியவரானதும் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மாத்திரை குடிப்பதை ஒருவர் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. நம்பிக்கையில்லாமல் அல்ல, மறக்காமல் இருப்பதற்காக. தினமும் நகரத்துக்குப் போக வசதியில்லாதவர்கள், அருகிலுள்ள சுகாதார நிலையத்திலோ தோட்ட டிஸ்பென்சரியிலோ குடிக்க ஒழுங்கு செய்ய முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். கங்காணிமாருக்கும் கணக்கப்பிள்ளைமாருக்கும் ஒரு வேண்டுகோள்: மாத்திரைக்காகப் பிரட்டுக்கு ஒருவர் பத்து நிமிடம் பிந்தினால் அவரை வேலையிலிருந்து திருப்பி அனுப்பாதீர்கள். அவர் குணமானால் அது மலை முழுவதுக்கும் பாதுகாப்பு.

இரண்டாம் மாத முடிவிலும், பிறகு ஐந்தாம், ஆறாம் மாதத்திலும் சளியைத் திரும்பப் பார்ப்பார்கள். கிருமி இல்லை என்று கண்டு, ஆறு மாதமும் முடிந்து, "இனிப் போதும்" என்று வைத்தியர் தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை நமக்கு நாமே வைத்தியராக வேண்டாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் லயத்திலோ, கிளிநொச்சியில் இருக்கும் உங்கள் சொந்தத்திலோ இந்த மருந்து குடிப்பவர் யாராவது இருந்தால், எத்தனையாவது மாதம் என்று கேளுங்கள். ஆறு ஆகவில்லை என்றால், "முடிச்சிருங்க" என்று சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்னாலும் போதும்.